விளையாத கோதுமை



விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு வானொலியில் நேரம் ஒதுக்க வேண்டுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கிரிக்கெட்டையோ உதைபந்தாட்டத்தையோ பற்றிய பேச்சாயின் எவரும் அவ்வாறு கேட்கமாட்டார்கள். நான் இன்று பேசவிருப்பது, வீட்டின் ஒரு மூலையிலே கணினித் திரைக்கு முன்னால் அமர்ந்து நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டம் ஒன்றைப் பற்றி. அதிலும், அந்த ஆட்டம் நினைத்தபடி நடவாமற் போகும்போது செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதைப் பற்றி. பிள்ளைகளுக்கு இது பயன்படும். பெற்றோருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்; ஏனெனில், இதனை நான் கற்றுக்கொண்டது ஒரு பிள்ளையின் கண்ணீரைக் கண்ட பின்னரே.

என் தங்கையின் மகனுக்கு வயது 14. அவனுடைய பெரியம்மாவின் மகன், அதாவது என் அக்காவின் மகன், ரொறன்ரோ நகரில் வாழ்கிறான். சிறு வயதில் ஒரே முற்றத்தில் ஓடி விளையாடிய இருவரும் இன்று கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும் இருக்கிறார்கள். எனினும், சனிக்கிழமை தோறும் இருவரும் சந்திக்கிறார்கள். இங்கே இரவு எட்டு மணி. அங்கே மாரிகாலமாயின் காலை ஒன்பதரை மணி. அவர்கள் சந்திக்கும் இடம் மைன்கிராப்ட் என்னும் ஆட்டத்தினுள்ளே அவர்கள் அமைத்திருக்கும் ஓர் உலகம். அந்த உலகத்தில் அவர்கள் கட்டியிருப்பது தங்கள் அம்மம்மாவின் வீடு. அந்த வீடு இன்று இல்லை. பிள்ளைகள் இருவரும் அதனைக் கண்டதுமில்லை. என் தாயார் சொல்லச் சொல்ல, திண்ணையும் நாற்சார முற்றமும் கிடுகு வேலியுமாக இரண்டு வருட காலத்தில் அதனை எழுப்பியிருக்கிறார்கள். என் தந்தையார் மாலை வேளைகளில் அமர்ந்திருந்த சாய்மனைக் கதிரைகூட அங்கே இருந்தது. நான் பிறந்து வளர்ந்த வீட்டை முதன்முறையாக அத்திரையிலே கண்டபோது, சிறிது நேரம் என்னாற் பேச இயலவில்லை.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். சுவீடன் நாட்டினரான மார்க்கஸ் பேர்சன் என்பவர் 2009 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டது இது. 2011 நவம்பரில் முழுமை பெற்று வெளிவந்தது. இதனை நடத்திவந்த மொஜாங் நிறுவனத்தை 2014 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் 250 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கிக்கொண்டது. 2023 ஆம் ஆண்டளவில் 30 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியிருந்தன. அந்த உலகில் மண்ணும் கல்லும் மரமும் யாவும் ஒரு மீற்றர் அளவான கனசதுரங்களே. அங்கே ஒரு முழு நாள் என்பது நமது 20 நிமிடங்கள். இரவில் பகைப் பிராணிகள் உலவும், பசியும் வாட்டும். ஆகவே, ஆடுபவன் குடிசை கட்டவேண்டும். நிலத்தைக் கொத்திக் கோதுமை விதைக்கவேண்டும். அறுத்த கோதுமையிற் பாண் செய்து உண்ணவேண்டும். இத்தகைய ஆட்டங்களை உயிர்தப்பி வாழும் ஆட்டங்கள் என்று வகைப்படுத்துவர்.

இனி, 'மொட்' என்று பிள்ளைகள் சொல்லும் ஒன்றையும் விளக்கவேண்டும். ஆட்டத்தை ஆக்கிய நிறுவனத்தார் அன்றி, ஆட்டத்தில் விருப்பமுள்ள பிறர் எழுதிச் சேர்க்கும் பகுதிகளே அவை. நான் அவற்றைச் 'சேர்க்கை' என்றே வழங்கப்போகிறேன். ஒரு சேர்க்கை புதிய தளபாடங்களைத் தரும். இன்னொன்று புதிய விலங்குகளைத் தரும். மற்றொன்று மழையையும் காற்றையும் மாற்றும். இவற்றை ஆட்டத்தினுள் ஏற்றுவதற்கென 2011 முதல் வழக்கிலுள்ள போர்ஜ், 2018 இல் தோன்றிய பேப்ரிக் முதலிய ஏற்றிகள் உள்ளன. சேர்க்கை எழுதுவோர் பல்வேறு நாட்டினர். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறியாதவர். ஒருவர் எழுதியதன் அருகே மற்றொருவர் எழுதியது குடியிருக்கும் என்பதை இருவரும் முன்னரே எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். என் மருமக்களின் உலகில் இத்தகைய சேர்க்கைகள் 60க்கு மேற்பட்டவை இருந்தன. ஒரு கூரையின்கீழ் 60 குடித்தனக்காரர் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு நாள் அவர்களுடைய வயலிற் கோதுமை வளராமல் நின்றுவிட்டது. விதைத்தது விதைத்தபடியே சிறு முளையாக நின்றது. இரண்டு கிழமையாகியும் மாற்றமில்லை. தளபாடச் சேர்க்கைதான் பல இடங்களில் இத்தகைய தொல்லை தருகிறது என்று பள்ளித் தோழன் ஒருவன் சொன்னானாம். மருமகன் உடனே அச்சேர்க்கையை நீக்கிவிட்டு உலகத்தைத் திறந்தான். சில பொருள்களைக் காணவில்லை, தொடரலாமா என்று ஏற்றி ஓர் எச்சரிக்கையைக் காட்டிற்று. அவன் அதனை வாசியாமலே 'ஆம்' என்று அழுத்தினான். உள்ளே சென்று பார்த்தால், கோதுமை அப்படியே முளையாக நிற்கிறது. ஆனால் வீட்டிலே வாங்கு இல்லை, கட்டில் இல்லை, விளக்கு இல்லை. சாய்மனைக் கதிரை இருந்த இடம் வெறுந்தரையாகக் கிடந்தது. பதறிப்போய் அச்சேர்க்கையை மீண்டும் இட்டான். போனவை திரும்பவில்லை. ஆத்திரத்தில் ரொறன்ரோவில் இருப்பவனை அழைத்து, "நீ என்ன செய்தனி?" என்று கேட்டான். "நான் ஒண்டும் செய்யேல்லை" என்றான் அவன். அதன்பின் இருவருக்கும் இடையே பேச்சு நின்றுவிட்டது. இந்த நிலையிலேதான் அவன் என்னிடம் வந்தான்.

நேயர்களே, இங்கே நடந்ததைச் சற்று ஆராய்வோம். ஆட்டம் ஓர் உலகத்தைச் சேமித்து வைக்கும்போது, ஒவ்வோர் இடத்திலும் இன்ன பொருள் உள்ளது என்று பெயரால் எழுதி வைக்கிறது. கதிரை என்பது யாதென்று அறிந்தது தளபாடச் சேர்க்கை மட்டுமே. அது இல்லாதபோது, ஆட்டம் அந்தப் பெயரைப் படித்து, அதற்குப் பொருள் காணாது, அவ்விடத்தை வெறுமையாகக் கொள்கிறது. மறுபடி சேமிக்கும்போது அவ்வெறுமையையே எழுதிவிடுகிறது. பழைய எழுத்து அழிந்த பிறகு சேர்க்கையைத் திரும்ப இட்டாலும் படிப்பதற்கு ஒன்றுமில்லை. எனவே, முதலாவது நெறி இது: குறை காணப்பட்டவுடன் எதையும் மாற்றாதீர்கள், முதலில் ஒரு பிரதி எடுங்கள். உலகங்கள் யாவும் ஆட்டத்தின் சேமிப்புக் கோப்புறையில் இருக்கும். ஆட்டத்தை மூடிவிட்டு, உலகத்தின் பெயர் கொண்ட கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்து, அதற்குத் திகதியையும் பெயராக இட்டு வைத்தால் போதும். சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடங்களைச் செலவிடாததால் இரண்டு வருட உழைப்பு வெறுந்தரையாகலாம்.

நல்லூழாக, ஐந்து கிழமைகளுக்கு முன்னர் மருமகன் அந்த உலகத்தின் பிரதி ஒன்றை ரொறன்ரோவுக்கு அனுப்பியிருந்தான். ஆனால் அதனைக் கேட்டுப் பெறவேண்டுமாயின் பேசவேண்டும். அவன் தயங்கினான். "கதிரை வேணுமெண்டால் கேள்" என்றேன். கேட்டான். மறுநாட் காலை பிரதி வந்துசேர்ந்தது. ஐந்து கிழமைகளில் எழுப்பிய கிணற்றடி அதில் இல்லை. ஆனால் வீடும் கதிரையும் இருந்தன. சேதமுற்ற உலகத்தையும் நான் எறியவிடவில்லை. அதனையும் பத்திரப்படுத்தினோம். நோய் இருப்பது அதிலேயன்றோ!

இரண்டாவது, முறைப்பாட்டைத் திட்டமாகச் சொல்லப் பழகவேண்டும். "ஒண்டும் வளருதில்லை, மாமா" என்றே அவன் முதலிற் சொன்னான். வைத்தியரிடம் சென்று "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, என்ன உண்டாய் என்று கேட்பார். நானும் கேட்டேன். வளராதது கோதுமை மட்டுமா, வேறு பயிர்களுமா? ஒரு வயலிலா, எல்லா வயல்களிலுமா? பயிர் நிற்கும் இடத்தில் வெளிச்சம் உண்டா? அருகே நீர் உண்டா? எவ்வளவு நேரம் அருகில் நின்று பார்த்தாய்? இறுதியாக எப்போது விளைந்தது? கேள்விகளுக்கு விடை தேடப் போனபோது, "ஒண்டும் வளருதில்லை" என்பது தவறு என்று அவனே கண்டான். மரக்கன்றுகள் வளர்ந்துகொண்டிருந்தன. கோதுமையே நின்றிருந்தது. பெரிய அச்சம் ஒன்று சிறிய கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

மூன்றாவது, இது குறைதானா, அன்றி நாம் அறியாத விதியா என்று கேட்கவேண்டும். சேர்க்கை எதுவும் இல்லாத மூல ஆட்டத்திலேயே பயிர் வளர்வதற்கு விதிகள் உள்ளன. வெளிச்சத்தின் அளவை 0 முதல் 15 வரை கணக்கிடுவர். பயிருக்கு 9 அளவேனும் வேண்டும். நீர் நான்கு கட்டைத் தூரத்துள் இருந்தால் நிலம் ஈரமாக இருக்கும். ஈர நிலத்திற் பயிர் விரைந்து வளரும். ஆட்டக்காரன் தொலைவுக்குச் சென்றுவிட்டால் அப்பகுதியே உறங்கிவிடும். அங்கே எதுவும் வளராது. இரவிற் படுத்துறங்கினால் பொழுது உடனே விடியும். ஆனால் தாண்டிச் சென்ற அந்த நேரத்துக்குப் பயிர் வளர்வதில்லை. தூங்கித் தூங்கி நாள்களைக் கடத்திவிட்டு, 'பத்து நாளாயிற்று, பயிர் வளரவில்லையே' என்று வருந்துவோர் பலர்.

கணக்கும் ஒன்று சொல்கிறேன். இந்த ஆட்டத்தின் கடிகாரம் செக்கனுக்கு 20 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும், நீளம் அகலம் உயரம் மூன்றும் 16 ஆகவுள்ள 4096 கட்டைகளைக் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 3 கட்டைகள் குலுக்கலாகத் தேர்ந்தெடுக்கப்படும். தேர்வு விழுந்த பயிரே வளரும் வாய்ப்பைப் பெறும். 4096 ஐ 3 ஆல் வகுத்து, வருவதை 20 ஆல் வகுத்தால், ஒரு செடிக்குச் சராசரியாக ஏறக்குறைய 68 செக்கனுக்கு ஒரு முறையே வாய்ப்பு வருகிறது. அந்த வாய்ப்பிலும் வளர்ச்சி உறுதியன்று. கோதுமைக்கோ முளை முதற் கதிர் வரை 8 நிலைகள். ஆகவே, ஒரு செடியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு 'வளரவில்லை' என்று தீர்ப்பளிப்பது முறையன்று. 40 செடிகளை நட்டு, அருகிலே நின்று, பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தபின் ஒன்றேனும் அசையவில்லையாயின், அப்போது ஐயுறுவதில் நியாயம் உண்டு.

விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதும் உண்டு. பகைப் பிராணிகள், வெளிச்சம் 7 அளவுக்கு மேற்படாத இடங்களிலே தோன்றுவது பழைய விதி. 2021 நவம்பரில் வெளிவந்த 1.18 ஆம் பதிப்பிலிருந்து, விளக்கு முதலியவற்றின் ஒளி சிறிதும் படாத இடத்திலேதான் அவை தோன்றுகின்றன. பழைய வழக்கப்படி மங்கிய வெளிச்சத்தில் பொறி அமைத்துக் காத்திருந்தவனுக்கு, புதிய பதிப்பில் ஒரு பிராணியும் அகப்படாது. அவன் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து அலுத்துப்போவான். ஆட்டம் பழுதுபடவில்லை, அவன் மனத்திலுள்ள சட்டப் புத்தகமே பழையது.

நான்காவது, ஆட்டம் தானே எழுதிவைக்கும் பதிவேட்டை வாசிக்கவேண்டும். ஆட்டம் தொடங்கியது முதல் மூடும்வரை நடப்பவற்றை நேரம் குறித்து ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே செல்கிறது. முற்றாக நின்றுபோனாற் 'கிராஷ்' அறிக்கை என்று தனியான கோப்பு ஒன்றையும் எழுதி வைக்கிறது. பார்ப்பதற்குப் புரியாத ஆங்கில வரிகளாகத் தோன்றும், அஞ்சவேண்டியதில்லை. ஒவ்வொரு வரியும் வெறுஞ் செய்தியா, எச்சரிக்கையா, தவறா என்று தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். எச்சரிக்கை வரிகள் பல தீங்கற்றவை. தவறு என்னும் குறியுள்ள வரிகளையும், 'இதனால் விளைந்தது' என்னும் பொருளில் ஆங்கிலத்திலே தொடங்கும் வரிகளையும் தேடினால், பெரும்பாலும் அவற்றின் அருகே ஒரு சேர்க்கையின் பெயர் தென்படும். முதலில் நேர்ந்த தவறே முக்கியமானது. பின்னால் வருவன அதன் எதிரொலிகளாக இருக்கக்கூடும்.

பதிவேட்டின் பெருமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி, அமெரிக்காவிலே ஹாவார்ட் பல்கலைக்கழகத்தார் அமைத்த மார்க் 2 என்னும் கணிப்பொறி தடைப்பட்டது. அங்கே பணிபுரிந்தோர் திறந்து பார்த்தபோது, மின்னிணைப்பி ஒன்றினுள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அவர்கள் அதனை வீசியெறியவில்லை. பதிவேட்டில் ஒட்டி, பிற்பகல் 3.45 என்று நேரமும், எந்தப் பலகையில் எத்தனையாவது இணைப்பி என்ற இலக்கமும் எழுதி வைத்தனர். அக்குழுவில் இருந்த கிரேஸ் ஹொப்பர் அம்மையார் பிற்காலத்தில் இக்கதையைப் பலருக்கும் எடுத்துரைத்தார். இயந்திரக் குறையைப் பூச்சி என்று ஆங்கிலத்தில் அழைக்கும் வழக்கம் அதற்கு முன்பே, எடிசன் காலத்திலேயே இருந்தது. ஆயினும் உண்மையான பூச்சி அகப்பட்ட அந்த ஏடு இன்றும் வாஷிங்டன் நகரத்து அரும்பொருளகம் ஒன்றிற் பாதுகாக்கப்பட்டுள்ளது. காலத்தையும் இடத்தையும் குறித்து வைத்ததனாலேயே அந்தச் சிறு பூச்சி நமக்கு வந்து சேர்ந்தது.

நாங்களும் எங்கள் பதிவேட்டைத் திறந்தோம். எச்சரிக்கைகள் பல இருந்தன. கோதுமையைப் பற்றியோ வயலைப் பற்றியோ தவறு என்ற குறி ஒன்றுமில்லை. மருமகன் ஏமாற்றமடைந்தான். எனக்கோ அந்த மௌனமே ஒரு சாட்சியாகத் தோன்றிற்று. எந்தச் சேர்க்கையும் தடுக்கி விழவில்லை. யாவும் தத்தம் கடமையைச் செய்கின்றன. அப்படியாயின், பயிர் நிற்பதும் யாரோ ஒருவரின் கடமையாக இருக்கலாம் அன்றோ?

அவனுடைய தோழன் ஒருவன், கணினி நினைவகத்தை ஆட்டத்துக்கு இன்னும் கூடுதலாக ஒதுக்கினாற் சரியாகும் என்று யோசனை சொன்னான். நினைவகம் போதாமையால் ஆட்டம் திக்கித் திணறுவதும் முற்றாக நின்றுபோவதும் உண்டு. அதற்கு அம்மருந்து பொருந்தும். ஆனால் ஆட்டம் வேகமாக ஓடும்போது ஒரு பயிர் மட்டும் நிற்பதற்கு அது மருந்தாகாது. எல்லா நோய்க்கும் ஒரே சூரணம் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஐந்தாவது, சோதித்துப் பார்த்தல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்பதே இங்கே சட்டம். முதலில், சேர்க்கை எதுவுமின்றிப் புதிய உலகம் ஒன்றைத் தொடங்கி 40 செடிகளை நட்டோம். வளர்ந்தன. கணினியிலும் மூல ஆட்டத்திலும் குறையில்லை. அடுத்து, எல்லாச் சேர்க்கைகளோடும் ஒரு புதிய உலகம். அங்கேயும் வளர்ந்தன! மருமகன் திகைத்தான். பின்பு ரொறன்ரோவிலிருந்து வந்த, ஐந்து கிழமைக்கு முந்திய பிரதியிற் பார்த்தோம். அதிலும் வளர்ந்தது. "சரிவந்திட்டுது, மாமா! இனி இதிலையே விளையாடலாம்" என்று அவன் துள்ளினான். நான் உடன்படவில்லை. காரணம் அறியாமற் போன குறை, அழையாமலே திரும்பி வரும். சேதமுற்ற உலகத்தில் மாத்திரம் பயிர் நிற்கிறதாயின், இடையில் அந்த உலகத்துக்குள் ஏதோ ஒன்று மாறியிருக்கவேண்டும். பயிர் வளரும் வேகத்தைக் குறிக்கும் ஆட்டவிதி எவராலேனும் மாற்றப்பட்டதா என்று பார்த்தோம். 3 என்னும் வழக்கமான எண்ணே இருந்தது.

பின்னரே பாதியாக வகுக்கும் முறையைக் கையாண்டோம். 64 சேர்க்கைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் 64 தடவை சோதிக்க நேரலாம். அதற்கு மாறாக, பாதியை நீக்குங்கள். குறை மறைந்தாற் காரணம் நீக்கிய 32க்குள் உளது. மறையாவிடின் எஞ்சிய 32க்குள் உளது. அதனை 16 ஆகவும், 8 ஆகவும், 4 ஆகவும், 2 ஆகவும், இறுதியில் ஒன்றாகவும் குறைத்தால் ஆறே சோதனைகளில் முடிந்துவிடும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சில சேர்க்கைகள் வேறொன்றைச் சார்ந்து நிற்பவை. ஆதாரமானதை நீக்கினால் சார்ந்தது ஓடாது. ஆகவே அவற்றைச் சோடியாகவே நகர்த்தவேண்டும். இரண்டு சேர்க்கைகள் சேர்ந்திருக்கும்போது மட்டுமே குறை தோன்றுவதும் உண்டு. அப்போது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தேடவேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் சேதமுற்ற உலகத்தின் புதிய பிரதி ஒன்றையே திறந்தோம். சேர்க்கை குறைந்தால் பொருள்கள் மறையும் என்று அறிந்திருந்தோம். ஆயினும் மறைவது பிரதியிலேதானே என்ற துணிவு இருந்தது. முடிவுகளை மருமகன் ஒரு கொப்பியில் எழுதி வந்தான்.

ஒரு மாலைப் பொழுதிலே விடை கிடைத்தது. காரணமாக நின்றது, ஆட்டத்துக்குள் பருவகாலங்களைக் கொண்டுவரும் ஒரு சேர்க்கை. அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தோம். எந்தப் பருவத்தில் எந்தப் பயிர் வளரும் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. கோதுமைக்கு நேரே இலையுதிர்காலம் குறிக்கப்பட்டிருக்கவில்லை. சேதமுற்ற உலகத்திலோ அப்போது இலையுதிர்காலம். புதிய உலகம் வசந்தத்திலே தொடங்கியபடியால் அங்கே பயிர் வளர்ந்தது. ஐந்து கிழமைக்கு முந்திய பிரதியிற் கோடைகாலம், அங்கேயும் வளர்ந்தது. எதுவும் பழுதுபட்டிருக்கவில்லை. பருவம் மாறியிருந்தது, அவ்வளவே.

அச்சேர்க்கை எங்கிருந்து வந்தது? இரண்டு மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து பத்துச் சேர்க்கைகள் ஒரு தொகுதியாக வந்தன; மருமகன் அவற்றை அப்படியே இட்டுக்கொண்டான். இம்முறை அவனை அழைத்தபோது, "நீ என்ன செய்தனி?" என்று கேட்கவேண்டாம், "அந்தத் தொகுதியில் என்னென்ன இருந்தது?" என்று கேள் என்றேன். கேட்டவுடனே மறுமுனையிலிருந்து விடை வந்தது. தன் வீட்டு யன்னலுக்கு வெளியே தெரியும் பருவங்கள் அம்மம்மாவின் வீட்டிலும் வரட்டும் என்று ஆசைப்பட்டு அவன் அதனைச் சேர்த்திருக்கிறான். "மரமெல்லாம் சிவந்ததை நீ காணேல்லையோ? இலையுதிர்காலமடா அது!" என்றான். மருமகன் கண்டுதான் இருந்தான். வடிவாக இருக்கிறதென்று எண்ணி, பேசாமல் இருந்துவிட்டான். "எனக்கு எப்பிடித் தெரியும்? இஞ்சை ஊர் முழுக்க ஒரேயடியாச் சிவக்கிறேல்லையே" என்றான். இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகே எனக்கு மனம் ஆறியது.

நேயர்களே, ஒரே மரத்தை இருவரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவனுக்கு அது அலங்காரம். மற்றவனுக்கு அது நாட்காட்டி. "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று அவன் முன்னர் சொன்னது பொய்யன்று. கோதுமையை அவன் தொடவே இல்லை. 'யார் செய்தது' என்ற கேள்வி, கேட்கப்பட்டவனைத் தற்காப்புக்குத் தள்ளி வாயை மூடச் செய்தது. 'என்ன மாறியது' என்ற கேள்வி, இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தி விடையைக் காட்டியது.

சில வேளைகளில் உண்மையாகவே குறையொன்று அகப்படும். அப்போது அச்சேர்க்கையை எழுதியவருக்கு அறிவிப்பது நன்று. ஆட்டத்தின் பதிப்பு எண், ஏற்றியின் பதிப்பு எண், சேர்க்கையின் பதிப்பு எண், பதிவேட்டின் பிரதி, குறையை மீண்டும் வரவழைக்கும் வழி ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். 'உங்கள் சேர்க்கை பழுது' என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்களிற் பெரும்பாலோர் ஊதியமின்றி, தம் ஓய்வு நேரத்தில் எழுதுபவர்கள். திட்டமான ஒரு முறைப்பாடு அவர்களுக்கு உதவி. கோபமான ஒரு முறைப்பாடு உபத்திரவம்.

சுருக்கமாக மீண்டும் சொல்கிறேன். முதலில் பிரதி எடுங்கள். குறையைத் திட்டமாகச் சொல்லுங்கள். அது விதியா என்று பாருங்கள். பதிவேட்டை வாசியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். எச்சரிக்கை தோன்றும்போது வாசியாமல் 'ஆம்' என்று அழுத்தாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு சொல்: திரைக்கு முன்னால் அழும் பிள்ளையைப் பார்த்து, 'வெறும் விளையாட்டுத்தானே' என்று சொல்லிவிடாதீர்கள். அந்தத் திரைக்குள்ளே யாருடைய வீடு இருக்கிறதென்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பருவகாலச் சேர்க்கையை நீக்கிவிடலாமா என்று பிள்ளைகள் ஆலோசித்தார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பழைய பிரதியிலிருந்து மீண்டும் தொடங்கி, இம்முறை கோடையிலேயே பாணுக்கு வேண்டிய கோதுமையைச் சேர்த்து வைத்தார்கள். கிணற்றடியையும் துலாவோடு திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தவற்றையெல்லாம் என் தாயாருக்குச் சொன்னபோது, அவர் திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "காலம் பாராமல் விதைச்சால் பயிர் என்ன செய்யும்?" என்றார். பிறகு, கதிரையைச் சுவரோரமாக அன்று, திண்ணைப் பக்கமாகத் திருப்பி வைக்கும்படி பிள்ளைகளிடம் சொன்னார். அப்பா அப்படித்தான் இருப்பாராம்.